தேடுவது போல

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் சௌக்கியம். சின்னவளுக்கு இருமல் ஒருவழியாக விட்டுவிட்டது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் நடைப்பயிற்சி என்ற பெயரில் மூலைக்கடை வரை போய்த் திரும்பி வருகிறாரா?

பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. பிரித்ததும் வீடே அதிர ஒரு கூச்சல் போட்டேன். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். ஒன்றுக்கு இரண்டு ரோட்டார்! உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால் ஒரு பிளக்கிலும் பொறி வராது, என் பழைய கார் வெறும் இரும்புதான். இந்த ஊரில் அதற்காக நான் ஏறாத பழைய சாமான் கடை இல்லை. நீ எங்கிருந்துதான் பிடித்தாயோ! ஒன்றைப் பொருத்தியாயிற்று. கைப்பிடியை ஒரே சுற்று. என் கிழவி கனைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஏப்ரலில் பழைய கார் கிளப்பின் பெரிய பந்தயம். உனக்குத்தான் தெரியுமே, அங்கே ஓட்டுகிறவர்களெல்லாம் என்னைப் போல வேறு பிழைப்பு உள்ளவர்கள். நான் பல் டாக்டர், இன்னொருவர் வக்கீல், இன்னொருவர் தையற்கடைக்காரர். ஆனால் ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் ஒவ்வொருவனும் உலகச் சாம்பியன். என்னை அங்கே 'ரெண்டாவது டாக்டர்' என்கிறார்கள். இன்னொரு டாக்டர் இருக்கிறார் என்று நினைத்துவிடாதே. நான் எப்போதும் இரண்டாவதாகத்தான் வருகிறேன், அதனால்.

முதலில் வருவது யார் என்று கேட்கவா வேண்டும்? ரொட்டிக்கடை அண்ணன்தான். அதே கம்பெனி, அதே மாடல் வண்டி. போன வருடம் பயிற்சி ஓட்டத்தில் என் டயர் வெடித்தபோது தன் உபரிச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதில் ஓடிய என்னைப் பிறகு தோற்கடித்தார். கொடுத்துவிட்டு ஜெயிக்கிற மனிதரை எப்படித் திட்டுவது சொல்!

உன் தம்பி

---

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பி,

கழுத்து பரவாயில்லை. தலையணையை மாற்றினேன், அதற்குப் பயந்து அடங்கியிருக்கிறது. அத்தான் மூலைக்கடையையும் தாண்டி இப்போது பூங்கா வரை போகிறார். அங்கே பெஞ்ச் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

ரோட்டார் விற்றவன் ஒன்றை மட்டும் தனியாகத் தரமாட்டேன் என்றான். சரி, இன்னொன்று உன் பெட்டியில் கிடக்கட்டும், உனக்கோ வேறு யாருக்கோ ஒரு அவசரத்துக்கு ஆகும் என்று இரண்டையும் வாங்கினேன்.

இங்கே ரயில் நிலையத்தில் தவறவிட்ட பொருள்கள் அறையில் எனக்குக் குடைகளோடுதான் குடித்தனம். போன வாரம் ஒருவர் தன் செயற்கைப் பல் வரிசையைத் தேடி வந்தார். எங்களிடம் மூன்று செட் இருந்தது. மூன்றையும் போட்டுப் பார்த்து, "இதுதாங்க என்னோடது" என்று ஒன்றை எடுத்துப் போனார். உன் நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 'ரெண்டாவது டாக்டர்' என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த இடத்தில் பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறாய். தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிறது. கேலியை மனதில் போட்டுக்கொள்ளாதே. ரொட்டிக்கடை அண்ணனைக் கேட்டதாகச் சொல். நான் அங்கே வந்திருந்தபோது அவர் சுடச்சுட ஒரு ரொட்டியைக் கையில் திணித்து, "தம்பி வேகமாத்தான் ஓட்டுறான். பிரேக்கைத்தான் நம்ப மாட்டேங்கறான்" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

---

ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். நலம் என்ன, கொண்டாட்டம்! ஜெயித்துவிட்டேன். முதலிடம்!

கைவிடப்பட்ட பழைய விமானத் தளத்தில்தான் வழக்கம்போலப் பந்தயம். காலையில் நல்ல வெயில். கொடி விழுந்ததிலிருந்து கடைசிச் சுற்று வரை என் முன்னால் ஒரு வண்டி கிடையாது. கண்ணாடியில் பார்த்தால் வக்கீலின் பச்சை வண்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. உன் ரோட்டார் ஒருமுறைகூட இருமவில்லை. முடிந்ததும் என்னைத் தோளில் தூக்கினார்கள். தையற்கடைக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அது வேறு கதை. கோப்பை கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. பல் வலி இல்லாதவர்களும் வந்து வாயைத் திறக்கிறார்கள்.

ரொட்டிக்கடை அண்ணன் வண்டி அன்று கிளம்பவில்லை. ஏதோ மின்சாரக் கோளாறு.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். அங்கே மழை தொடங்கிவிட்டதா? குடைகளின் வரத்து எப்படி?

உன் தம்பி

---

மே 2

அன்புள்ள தம்பி,

மழை பிடித்துக்கொண்டது, குடைகள் குவிகின்றன, நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பூங்கா பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று.

படத்தைப் பார்த்தேன். எல்லோரும் கோப்பையைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் தரையைப் பார்க்கிறாய். வெயில் கண்ணில் பட்டதோ?

அண்ணனுக்குப் பாவம், என்ன கோளாறு? அவருக்கும் ரோட்டார்தான் காலை வாரியதென்றால் நம்மிடம் இருந்த இன்னொன்று ஆகியிருக்குமே. இல்லை, வேறு ஏதாவதா? அவர் இல்லாமல் ஜெயித்தது உனக்கே கொஞ்சம் உப்பில்லாத மாதிரி இருந்திருக்கும். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லையே.

சின்னவளுக்கு என் முத்தங்கள்.

அக்கா

---

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம்தான். கிளினிக்கில் நாற்காலி பழுதாகி, மெக்கானிக் வந்து, அது சரியாகி, பிறகு விளக்கு பழுதாகி, அதையும் பார்த்து, இப்படியே நாள் ஓடுகிறது. சின்னவள் பரீட்சையில் கணக்கில் நன்றாக வாங்கியிருக்கிறாள். அவள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள். வாசல் கதவுக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறோம். முதலில் அடித்த நீலம் பிடிக்கவில்லை என்று மறுபடி வேறு நீலம் அடித்தோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

அத்தானுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயா, இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா? பார்த்துக்கொள்ளச் சொல்.

வண்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி

---

ஜூலை 3

அன்புள்ள தம்பி,

அத்தானுக்கு முழங்கால் வலி இல்லை. நான் எழுதவும் இல்லை. அவர் முழங்காலைவிட எனக்கு இப்போது உன்னைப் பற்றித்தான் கவலை.

ஒரு கேள்வி கேட்டேன். நீ இரண்டு நீலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். நாள் முழுக்க ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களிடம் "இல்லைங்க" என்று சொல்வதுதானே என் வேலை. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் சில பேர் உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்து "தேடிட்டேன், இல்ல" என்பார்கள். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். உன் கடிதத்தில் அது கேட்கிறது.

என்ன நடந்தது என்று எழுது. திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் படிப்பேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு எல்லோரும் நலம். இதற்கு முன் நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

பந்தயத்தன்று காலை அண்ணன் வண்டி பயிற்சி ஓட்டத்தில் இருமி நின்றது. அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கையில் எதையோ ஏந்திக்கொண்டு என்னை நோக்கி வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன். என்னவென்று புரிந்துவிட்டது. என் டூல் பாக்ஸ் திறந்திருந்தது. மேல் தட்டில் நீ அனுப்பிய அந்த இன்னொன்று இருந்தது. எடுத்து என் பாக்கெட்டில் போட்டேன். யோசிப்பதற்குள் கை செய்துவிட்டது என்று எழுதிப் பார்த்தேன் அக்கா. அது பொய். யோசித்தேன். அவர் வந்து சேர்கிற வரைக்கும் யோசித்தேன், எடுத்து வெளியே வைக்கவும் நேரமிருந்தது.

"ரோட்டார் விரிசல் விட்டிருச்சு தம்பி. அக்கா ரெண்டு அனுப்பினதாச் சொன்னியே, உங்கிட்ட இன்னொண்ணு கிடக்குமே?" என்றார்.

"இருந்துச்சே அண்ணே, எங்க போச்சு?" என்றேன்.

சும்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தேடினேன். பெட்டியைத் தரையில் கொட்டித் தேடினேன். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அவரும் என்னோடு சேர்ந்து தேடினார். முட்டி போட்டு வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ். நான் பக்கத்தில் நின்று, "எங்கயாவது உருண்டிருக்கும், பாருங்கண்ணே" என்றேன். அப்படிச் சொன்னேன் அக்கா.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு. வீட்டுல வச்சிட்டு வந்திருப்ப. நீ ரெடியாகு, நேரமாச்சு" என்றார். என் வண்டிக்கு அவரே கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிக் கொடுத்தார். முடிந்ததும் முதலில் வந்து கைகொடுத்ததும் அவர்தான்.

ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு தடவை அந்தப் பெயர் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அடுத்த வருடம் அவர் ஜெயித்துக்கொள்ளட்டும், அவருக்கு இன்னும் எத்தனையோ பந்தயம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அவர் மகள் பல் வலி என்று கிளினிக்குக்கு வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறாளே, அவள்தான். பல்லைப் பார்த்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பாவுக்கு ரெண்டு கண்லயும் பக்கவாட்டுப் பார்வை போயிட்டிருக்கு டாக்டர். இந்த வருஷத்தோட ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. ஏப்ரல் ரேஸ்தான் கடைசின்னு ஆசையா இருந்தாரு. அதுக்கும் குடுத்து வைக்கல."

கையுறையைக் கழற்றாமலே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து வந்தவர் கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது.

என் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது.

உன் தம்பி

---

செப்டம்பர் 8

தம்பி,

நாங்கள் சுகம். அத்தானிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து உன் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

உன்னைத் தேற்றி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பொய் சொன்னதைக்கூட விழுங்கிவிடுவேன். அவரை முட்டி போட வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறாயே. ஒரு அவசரத்துக்கு ஆகும் என்று நான்தான் எழுதினேன். அவசரம் வந்தது. அந்தப் பொருள் ஒளிந்துகொண்டது.

அவரிடம் போ. கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகாதே, அது இன்னொரு நாடகம். அவருடைய கண்ணைப் பற்றி இரக்கப்பட்டு ஒரு வார்த்தை பேசாதே. நடந்ததைச் சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள். உன் வீட்டுக்காரியிடமும் சொல். ஊரார் வாயிலிருந்து அவளுக்கு வரக்கூடாது.

திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று. இருந்தாலும் நீ என் தம்பிதான். ராத்திரியில் தூங்குகிறாயா என்று எழுது.

அக்கா

---

அக்டோபர் 30

அன்புள்ள அக்கா,

தூக்கம் இப்போதுதான் கொஞ்சம் வருகிறது. மற்றபடி எல்லோரும் நலம். வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கோப்பை இல்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

முதலில் கிளப் செயலாளரிடம் போனேன். முதலிடத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த விதியை மீறினீங்க டாக்டர்? நம்ம சாமானை அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்னு இதுல எங்கயும் போடலையே. வழக்கமாக் குடுக்குறோம், அவ்வளவுதான்" என்றார். எடுக்க வழியில்லையாம். என்னோடுதான் கிடக்கும்.

பிறகு ரொட்டிக்கடைக்குப் போனேன். இதற்கு முன் இரண்டு முறை எதிர் நடைபாதை வரை போய்த் திரும்பியிருந்தேன். மத்தியான நேரம், கடையில் யாரும் இல்லை. அண்ணன் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்குகிறபோது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து அடுக்கினார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தெரியும் தம்பி."

துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பக்கவாட்டுல இருக்கிறதுதான் தெரியாது எனக்கு. நேரா இருக்கிறது நல்லாத் தெரியும். கீழ முட்டி போட்டவன் நிமிர்ந்து பார்த்தா, நேரா உன் பாக்கெட். அந்தச் சாமான் வடிவம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறமும் தேடினீங்களே அண்ணே?"

"எழுந்தா உன் முகத்தைப் பாக்கணுமே. அதுக்காக இன்னும் கொஞ்ச நேரம் தேடினேன்."



"தெரிஞ்சுமா என் வண்டியைக் கிளப்பிக் குடுத்தீங்க?" என்றேன்.

"வண்டி என்ன பண்ணுச்சு? அது ஓடணும்ல."

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார். மன்னித்த 'சரி'யா, போதும் என்கிற 'சரி'யா, எனக்குத் தெரியவில்லை. ரோட்டாரை மேசைமேல் வைத்தேன். அதைத் தொடவில்லை. "அதைப் பொண்ணுகிட்ட குடு. அடுத்த வருஷம் அவதான் என் வண்டியை ஓட்டப் போறா" என்றார். நான் வாசலுக்கு வந்த பிறகு உள்ளிருந்து குரல் வந்தது: "பாவம் பார்த்து அவளுக்கு வழி விட்டுடாதே. கண்ணுதான் போகுது, காது இருக்கு. நீ ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா எனக்குக் கேட்டுடும்."

ரொட்டி வாங்காமல் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அவர் கொடுக்கவும் இல்லை.

உன் தம்பி

---

ஜனவரி 12

அன்புள்ள தம்பி,

இங்கே குளிர், அத்தானுக்குச் சளி, எனக்குக் கழுத்து, ஆனால் எழுந்து நடமாடுகிறோம். இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு எதை எழுதினாலும் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று நீ யோசிப்பாய், எனக்குத் தெரியும். விலகாதே. விலகினால் அதுவும் அவர் மகளுக்குப் பாவம் பார்த்து வழி விட்ட மாதிரிதான். அவர் கேட்டது ஒன்றுதான். அதையாவது செய்.

வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை எப்படி? அவளை ஒரு வரி எழுதச் சொல்.

அக்கா

---

ஏப்ரல் 21

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரி தனியாக எழுதுகிறாள், இதே உறையில் இருக்கும். அத்தானின் சளி தீர்ந்ததா?

போன ஞாயிறு பந்தயம் முடிந்தது. அண்ணனின் வண்டியில் அவர் மகள், உள்ளே நான் கொடுத்த அந்த ரோட்டார். வேலி ஓரம் மடக்கு நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் தளத்தின் பக்கம் திருப்பியிருந்தார்.

பஸ் ஓட்டுகிற பெண் என்று யாராவது இனிமேல் இளக்காரமாகப் பேசட்டும் பார்க்கலாம். தொடக்கத்திலேயே என்னை முந்திவிட்டாள். இரண்டு முறை நான் தாண்டினேன், இரண்டு முறை அவள் திருப்பித் தாண்டினாள். கடைசிச் சுற்றில் இருவரும் பக்கம் பக்கமாக. என் கால் தானாகத் தளரப் பார்த்தது. ஒரு நொடி விட்டால் போதும், அவள் ஜெயிப்பாள், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன், யாருக்கும் தெரியாது. வேலி ஓரத்து நாற்காலி கண்ணில் பட்டது. மிதித்தேன். கடைசி வரை மிதித்தேன்.

அரை வண்டி நீளத்தில் ஜெயித்தேன் அக்கா. யாரும் தோளில் தூக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "என்னா டாக்டர், கொஞ்சமாவது விட்டுக்குடுப்பீங்கன்னு பாத்தா!" என்று சிரித்தாள். "அடுத்த வருஷம் இருக்கு உங்களுக்கு" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை.

நான் அண்ணனிடம் போய் நின்றேன். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு.

"காலை எடுக்கல நீ."

"எடுக்கலண்ணே."

"நல்லது." முகத்தை மறுபடி தளத்தின் பக்கம் திருப்பினார். பிறகு, "மூணாவது வளைவுல கியரைச் சீக்கிரமா மாத்துற. போன வருஷமும் இதே இடத்துல நின்னு கேட்டேன். அப்பவும் அங்க சீக்கிரமாத்தான் மாத்தின. நான் உன் பின்னாடி வந்திருந்தா, அந்த வளைவுல உன்னைத் தாண்டியிருப்பேன்" என்றார்.

"தாண்டியிருப்பீங்க அண்ணே."

"ஆமா" என்றார். "தாண்டியிருப்பேன்."

சொல்லும்போது அவர் வலது கை முழங்கால்மேல் இருந்தது. விரல்கள் மெல்ல மூடி, கியரைத் தள்ளுவது போல ஒருமுறை அசைந்தன. எனக்குத் தெரிய வேண்டும் என்று அவர் செய்யவில்லை.

அவர் மகள் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும்வரை பக்கத்திலேயே நின்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி